நூல் கடைக்குப் போகும் வழியில்

மார்ச் 4

பை தைக்கிற கடை முதலாளி அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாம் என்றால், மணி அடித்து ஓய்ந்த பிறகு ஒரு பெண் வந்து, நான் கூப்பிட்ட நபர் பதில் சொல்லவில்லை என்கிறாள். இதைச் சொல்ல அவள் எதற்கு? கல்யாணமான நாளிலிருந்து எனக்கே தெரிந்த விஷயம்.

"இதுதான் கடைசி வெளியூர் வேலை" என்று போன தடவை நான் சொன்னது பொய் இல்லை. அப்போது அது கடைசியாகத்தான் இருந்தது. பிறகு இது வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கும்போது, "போங்க. ஆனா போனை எடுக்க மாட்டேன். போன்ல ஏதாவது கேட்டா, யாரோ கூப்பிடறாங்கன்னு சொல்லி வச்சிடுவீங்க. எழுதுங்க, படிக்கிறேன்" என்றாய். ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். உன்னைத் தெரிந்தும் அப்படி நினைத்த என்னை என்ன சொல்ல. இங்கே டைல்ஸ் இறக்குகிற லாரிக்காரர் உன் கடை வாசலில்தான் டீக்கு நிறுத்துகிறாராம். இனி அவர்தான் நமக்குத் தபால்காரர்.

செய்திக்கு வருகிறேன். கையில் டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிட்டுப் படி. இந்தக் கட்டட வேலைக்கு என்னைப் பாதுகாப்பு அதிகாரி ஆக்கிவிட்டார்கள்.

நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. ஆமாம், பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி, பல்பு, ஸ்டூல், நான் என்று மூவரும் தனித்தனியாக இறங்கினோமே, அதே ஆள்தான். எங்கள் முதலாளிக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. முன்பிருந்த அதிகாரி வேறு கம்பெனிக்கு ஓடிவிட்டார். அந்தப் பதவிக்கென்று பச்சை நிறத்தில் ஒரு ஹெல்மெட் உண்டு. இங்கே இருக்கிற வேறு யார் தலைக்கும் அது சேரவில்லை, என் தலைக்குச் சேர்ந்தது. தகுதித் தேர்வு அவ்வளவுதான். சூப்பர்வைசர் வேலையோடு சேர்த்து இதையும் நானே பார்க்க வேண்டும்.

வருகிற 21ஆம் தேதி அரசாங்கத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் வருகிறார். ஆறு மாடியும் ஏறிப் பார்ப்பாராம். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "ஒரு குறையும் இல்லாம முடிச்சுக் குடுங்க. உங்க ஊர்ல நாம எடுத்திருக்கிற கட்டட வேலை உங்களுக்குத்தான்" என்றார். புரிகிறதா? நம் ஊர். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பெட்டியைப் பரணில் போட்டுவிடலாம்.

இதற்கு உன் கை வேண்டும். இந்தக் கடிதத்தோடு லாரிக்காரர் ஒரு மூட்டை இறக்குவார். உள்ளே இருப்பவை பாதுகாப்பு பெல்ட்கள். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு, கொக்கியைக் கம்பியில் போட்டுக்கொள்ள வேண்டியவை. கால் தவறினாலும் ஆள் கீழே வராமல் தொங்குவான். எல்லாவற்றிலும் தையல் விட்டிருக்கிறது. சாயமும் போய்விட்டது. இங்கே செருப்பு தைக்கிறவரிடம் காட்டினேன். பெல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடப் பைக்குப் பட்டை தைக்கிற உன் பெரிய மெஷினில் ஓட்டினால் ஒரு பகல் வேலை. முடிந்தால் ஆரஞ்சுச் சாயமும் ஏற்று.

ஒன்றை மட்டும் இரட்டைத் தையல் போட்டு அடையாளம் வை. ஆய்வாளர் முன்னால் நான்காவது மாடியிலிருந்து வெளியே சாய்ந்து தொங்கிக் காட்டப் போவது யார் தெரியுமா? உன் வீட்டுக்காரன். முதலாளியின் யோசனை. அதிகாரியே தொங்கினால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்கிறார். ஊரே அண்ணாந்து பார்க்கும். நீதான் பார்க்க மாட்டாய்.

இப்படிக்கு,
பச்சைத் தொப்பி


மார்ச் 7

உங்களுக்கு,

மூட்டை வந்தது. பிரித்ததும் முதலில் இறங்கி ஓடியது ஒரு பல்லி. அதற்கு பெல்ட் தேவைப்படவில்லை.

பதவிக்கு வாழ்த்து. அந்த ஸ்டூல் இன்னும் ஒரு காலை நொண்டிக்கொண்டுதான் இருக்கிறது. உங்களைக் கேட்டதாகச் சொன்னது.

ஒரு சந்தேகம். பெல்ட் எல்லாம் என் கடையில் கிடக்கிறது. அப்படியானால் இன்றைக்கு அங்கே மேலே நிற்கிறவன் எதை மாட்டிக்கொண்டு நிற்கிறான்? இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் எழுதவும். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கடிதத்தில் சொல்ல முடியாது.

தைக்கிறேனா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கொடுக்க வேண்டிய பைகள் கடையில் மலையாகக் குவிந்திருக்கின்றன. அதோடு, பைப் பட்டை அறுந்தால் புத்தகம் விழும், அந்தப் பிள்ளையின் அம்மா வந்து என்னிடம் சண்டை போடுவாள். இது அறுந்தால் யார் வந்து என்னிடம் சண்டை போடுவது?

தம்பி கடையில்தான் இருக்கிறான். ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்கு நடுவில் இருப்பதாகச் சொன்னான் இல்லையா, அந்த நடு நீண்டுகொண்டே போகிறது. ஆளும் அகலமாகிக்கொண்டே போகிறான். இப்போது உங்கள் எடைக்கு வந்துவிட்டான். "மாமா பாதுகாப்பு அதிகாரியா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தான். நாற்காலி முனகியது.

நம் ஊர்க் கட்டடம் என்று நீங்கள் சொன்ன மனை, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருப்பதுதானே? தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய மரம் இருக்கிறது. மத்தியானத்தில் நல்ல நிழல். மெனக்கெட்டுப் பார்க்கப் போனேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நூல் கடைக்குப் போகும் வழியில் கண்ணில் பட்டது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
போனை எடுக்காதவள்


மார்ச் 10

போனை எடுக்காதவளுக்கு,

நூல் கடை மார்க்கெட் பக்கம். அந்த மனை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால். இரண்டும் எதிரெதிர் திசை என்று எனக்கு ஒரு ஞாபகம். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் இல்லாத நேரத்தில் ஊரைத் திருப்பி வைத்திருக்கலாம்.

உன் சந்தேகத்துக்குச் சுற்றி வளைக்காத பதில்: ஒருத்தனும் ஒன்றையும் மாட்டிக்கொள்வதில்லை. அந்த பெல்ட்கள் ஸ்டோர் ரூம் ஜன்னலோரம் வெயிலில் ஆணியில் தொங்கும். யாராவது பெரிய மனிதர் வந்தால் இறங்கும். விருந்தாளிக்கு மட்டும் எடுப்பாயே, நம் வீட்டுக் கண்ணாடி டம்ளர், அது மாதிரி. நான் வந்தபோதே இதுதான் வழக்கம். முறைக்காதே.

சாரம் கட்டுகிற ஒருவன் இருக்கிறான். எல்லோரும் அவனைச் சிலந்தி என்றுதான் கூப்பிடுகிறோம். குச்சி மாதிரி இருப்பான். ஐந்தாவது மாடி உயரத்தில் ஒற்றைக் குழாயில் நின்றுகொண்டு வீட்டுக்காரியோடு போனில் பேசுவான். (அவன் வீட்டுக்காரி எடுக்கிறாள்.) பதவி வந்த சூட்டில் அவனைக் கீழே கூப்பிட்டு, ஏன் பெல்ட் போடுவதில்லை என்று அதட்டினேன். "போடலேன்னா கையால பிடிச்சுக்குவேன் சார். போட்டா பெல்ட் இருக்குன்னு கையை விட்ருவேன்" என்றான். நான் என் ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்தேன்.

மற்றபடி ஏற்பாடுகள் ஜோராக நடக்கின்றன. ஆளுக்கொரு ஹெல்மெட் கொடுக்க வேண்டுமே என்று தேடினால், ஒன்று மணல் அள்ளவும், ஒன்று தண்ணீர் மொள்ளவும் போயிருக்கிறது. ஒன்றில் காவலாளியின் பூனை குட்டி போட்டிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். முதலுதவிப் பெட்டியின் சாவியைக் காணவில்லை என்று பூட்டை உடைத்தோம். உள்ளே காவலாளியின் சவரச் சாமான். "மருந்தெல்லாம் எங்கய்யா?" என்றேன். "யாருக்கும் அடிபடலியே சார், கெட்டுப்போச்சுன்னு போட்டுட்டேன்" என்றார்.

'பாதுகாப்பே முதல்' என்று ஆளுயரத்துக்கு ஒரு பலகை எழுதச் சொல்லியிருக்கிறோம். தரைத்தளத்தில் லிப்ட் வரப்போகிற இடத்தில் ஒரு பள்ளம் மூடாமல் கிடக்கிறது. பலகையை அதற்கு முன்னால் நிறுத்தினால் பள்ளம் தெரியாது என்று முதலாளி கண்டுபிடித்திருக்கிறார். ஆள் சும்மா முதலாளி ஆகவில்லை.

நான் தொங்குவதற்கு ஒத்திகை பார்க்கிறேன். பெல்ட் இல்லாததால் என் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, வெளியே கையை நீட்டி, "அன்பார்ந்த தொழிலாளர்களே" என்று ஆரம்பிக்கிறேன். பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுகிறார்.

சீக்கிரம் தைத்து அனுப்பு. அந்த மரத்து நிழல் பற்றி எழுதியதிலிருந்து இங்கே வெயில் கூடுதலாகத் தெரிகிறது.

உன்,
கதவில் தொங்குகிறவன்


மார்ச் 14

உங்களுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு எலும்பு ஒன்றும் முறியவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு சாப்பிடுகிறான். சாப்பிடுகிறான் என்பதால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் கேட்டபடி உங்கள் பெல்ட்டை முதலில் எடுத்தேன். இரட்டைத் தையல் இல்லை, நாலு வரி போட்டேன். நன்றாகவே வந்தது. சொல்லப்போனால் தம்பியிடம் தூக்கிக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். அவன், "நானும் மாமா எடைதானே, மாட்டிப் பாக்கறேன்" என்றான். மாட்டிக்கொண்டு, பைக்கட்டு தொங்கவிடுகிற இரும்பு உத்தரத்தில் கொக்கியைப் போட்டுக் காலைத் தூக்கினான். கொஞ்ச நேரம் ஊஞ்சலாடினான். போட்டோ எடுக்கச் சொன்னான். நான் போனைத் தேடினேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் உத்தரத்தில் கொக்கிதான் இருக்கிறது, தம்பி இல்லை.

கீழே தைத்து அடுக்கியிருந்த பைக் குவியல் அவனைத் தாங்கியது. அவன் இறங்கிய வேகத்தில் ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பைகள் சப்பாத்தி ஆகிவிட்டன. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடி உத்தரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் ரெண்டடி உயரத்துல இருந்தேன். மாமா நாலாவது மாடியில்ல?" என்றான்.

என் தையல் அறுபடவில்லை. அது வைத்தது வைத்தபடி இருக்கிறது. அதை ஒட்டி இரண்டு பக்கமும் பட்டை கிழிந்திருக்கிறது. வெயிலில் கிடந்து செத்துப்போன பட்டை. அதில் எத்தனை வரி ஓட்டினாலும் ஒன்றுதான்.

தம்பிக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அனுப்பினால் என்ன ஆகும்? பின் குத்தியாவது மாட்டிக்கொள்வீர்கள். அதிலும் நீங்கள்தான் முதல் ஆள். நாலு பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்றால் நீங்கள் நூலில்கூடத் தொங்குவீர்கள். அப்புறம் அந்தச் சிலந்தி சொன்னது. வருஷம் முழுக்கக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறவன், ஆய்வாளர் வருகிற அந்த ஒரு நாள் பெல்ட்டை நம்பிக் கையை விடுவான். நீங்கள் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தீர்கள். எனக்கு வேடிக்கையாக இல்லை.

கேன்வாஸ் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். ஒன்று பாக்கி இல்லை. லாரிக்காரர் கொண்டுவருகிற மூட்டையில் இருப்பது அதுதான்.

போன் செய்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். செய்திருந்தால் பேசிப் பேசி என்னைத் தைக்க வைத்திருப்பீர்கள். அதனால் வெட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன்.

எதை வெட்டினேன் என்று எனக்குத் தெரியும். அந்த மரத்து நிழலையும் மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் வெட்டினேன். நீங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதீர்கள். ஆனால் நடந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
வெட்டியவள்


மார்ச் 17

மரியாதைக்குரிய அம்மையாருக்கு,

நான் கோபமாக இருக்கிறேன் என்பதை ஆரம்பத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆரஞ்சு நிறத்தில் பெல்ட்களை எதிர்பார்த்து, ஸ்டோர் கீப்பரையும் சிலந்தியையும் பக்கத்தில் நிறுத்தி, என் வீட்டுக்காரி கைவேலையைப் பாருங்கள் என்று பீற்றிக்கொண்டு மூட்டையை அவிழ்த்தேன். பீன்ஸ் நறுக்கின மாதிரி கொட்டியது. ஸ்டோர் கீப்பர், "அம்மாவுக்குக் கை வேகம் சார்" என்றார். அதன் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். வரிசை மாறிவிட்டது.

ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? புது பெல்ட் சொன்னால் 21ஆம் தேதிக்குள் வராதாம். "ஒரு நாள் கூத்துக்குப் புதுசா?" என்று முதலாளியும் கேட்கிறார். பக்கத்துத் தெருவில் ஒரு கட்டடம் எழும்புகிறது, அவர்களிடம் இரவல் கேட்கலாம் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த சூப்பர்வைசர், "நல்லவேளை சார், நானே வரணும்னு இருந்தேன், உங்க பெல்ட்டைக் கொஞ்சம் குடுங்க, எங்களுக்கும் இன்ஸ்பெக்‌ஷன்" என்றார். இருவரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

முதலாளியிடம் துண்டுகளைக் காட்டினேன். உன் பேரைச் சொல்லவில்லை, எலி என்றேன். அவர் ஒரு துண்டை எடுத்து மார்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "பின் குத்தி மாட்டிக்கிட்டா கீழேருந்து தெரியாதுங்க. தொங்கறதெல்லாம் வேணாம். சாரத்துல நின்னு கையை ஆட்டுங்க, போதும். நாலஞ்சு பேரையும் அப்படியே நிக்க வைங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு உள்ள அனுபவம் உனக்குத் தெரியும்.

வெளியே வந்து, இருப்பதிலேயே நீளமான துண்டாக ஒன்றைப் பொறுக்கித் தூண் கம்பியில் கட்டினேன். நீ மிகைப்படுத்துகிறாய் என்று நிரூபித்து உனக்கு எழுதலாம் என்ற எண்ணம்தான். மறுமுனையைச் சிலந்தியிடம் கொடுத்து இழுக்கச் சொன்னேன். அவனிடம் இருக்கிற சதைக்கு என்ன பெரிய இழுப்பு வந்துவிடப் போகிறது? பட்டை கிழிந்தது, அவன் மல்லாக்க விழுந்தான். எழுந்து பின்பக்கம் தட்டிவிட்டுக்கொண்டு, "இதையா சார் என்னைப் போடலேன்னு திட்டினீங்க?" என்றான். கோபமே இல்லை. மணி என்ன என்று கேட்பது மாதிரி கேட்டான்.

பிறகு வந்த டீயை நான் தொடவில்லை. நான் டீ குடிக்கவில்லை என்ற செய்தி அதற்குள் கட்டடம் முழுக்கப் பரவி, எனக்கு உடம்பு சரியில்லை என்று மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் நான் கோபமாகத்தான் இருக்கிறேன்.

இங்ஙனம்,
பாதுகாப்பு அதிகாரி

பின்குறிப்பு: மச்சான் முதுகு எப்படி இருக்கிறது? பனிக்கட்டி ஒத்தடம் கொடு. வெந்நீர் வேண்டாம்.


மார்ச் 19

பாதுகாப்பு அதிகாரிக்கு,

தம்பி மல்லாக்கப் படுக்க ஆரம்பித்துவிட்டான். உங்கள் கோபத்தைப் படித்துக் காட்டினேன். "மாமா கோபத்துல பின்குறிப்பெல்லாம் வருமா?" என்றான்.

நேற்று உங்கள் போனில் என் நம்பர் வந்திருக்கும். நான் கூப்பிடவில்லை. கை பட்டுவிட்டது. பல தடவை பட்டுவிட்டது. நீங்கள் எடுப்பதற்குள் எப்படியோ நிறுத்திவிட்டேன்.

அந்தப் பின் குத்துகிற வேலைக்குத் தலையாட்டினீர்களே, தலை ஆடினதோடு நிற்கட்டும். இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். வெட்டுவதற்கு என்னிடம் இனி ஒன்றும் இல்லை. மீதி உங்கள் கையில்தான்.


மார்ச் 22

என் கத்தரிக்கோலுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நிதானமாகப் படி. முடிவுக்குத் தாவாதே. நீ தாவுவாய், தெரியும். தாவிவிட்டுத் திரும்பி இங்கே வா.

வாசலில் மேஜை போட்டு, விரிப்பு விரித்து, குளிர்பானம் அடுக்கி, முதலாளி வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். ஆய்வாளர் வரவில்லை. வரவில்லை, வரவில்லை என்று எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருக்க, எங்களுக்குப் பின்னாலிருந்து, "இந்தப் பக்கம் ஜல்லி மேலேருந்து கொட்டறீங்களா, கயிறு கட்டி ஆளைத் தடுக்கறதில்லையா?" என்று ஒரு குரல் கேட்டது. பின்வாசல் வழியாக வந்து பாதியைப் பார்த்து முடித்துவிட்டார். உன் வயதுதான் இருக்கும், உன் உயரம். கையில் துணிப்பை, பையில் சொந்த ஹெல்மெட், காலில் நிஜமாகவே உழைத்த பூட்ஸ். பார்த்த மாத்திரத்தில், இன்றைக்கு என்னை ஒரு பெண்பிள்ளையிடமிருந்து இன்னொரு பெண்பிள்ளையிடம் மாற்றிவிட்டிருக்கிறார்கள் என்று புரிந்துபோயிற்று.

பலகையைப் பார்த்தார். 'பாதுகாப்பே முதல்.' "எழுத்து நல்லா இருக்கு" என்றார். முதலாளி மலர்ந்தார். "கொஞ்சம் நகர்த்துங்க" என்றார். முதலாளி வாடினார். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். புது மருந்தெல்லாம் நான் வாங்கி வைத்திருந்தேன். சவர பிரஷ்ஷை எடுக்கும்படி காவலாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அதையும் எழுதிக்கொண்டார். பூனைக்குட்டிகளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றைத் தடவிக் கொடுத்தார்.

பிறகு அண்ணாந்து பார்த்தார். வெளிச்சாரத்தில் ஒரு ஆள்கூட இல்லை.

அங்கேதான் விஷயம். காலையில் நாலைந்து பேருக்குத் துண்டுகளைப் பின் குத்திவிட வேண்டியது நான். பின் டப்பாவும் கையில்தான் இருந்தது. சிலந்தி முதல் ஆளாக வந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு நின்றான், தையற்காரரிடம் அளவு கொடுக்கிற மாதிரி. உனக்கு அளவு கொடுக்க நிற்பவர்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று ஏனோ தோன்றியது. டப்பாவை மூடிவிட்டேன். "யாரும் மேல ஏற வேணாம். உள்ள போய்ப் பூச்சு வேலை பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

"ஏன் வெளியில வேலை நடக்கலை?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"பெல்ட் எல்லாம் சலவைக்குப் போயிருக்கு மேடம்" என்றார் முதலாளி, கண் இமைக்காமல்.

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். என் தலையில் பச்சைத் தொப்பி. முதலாளியும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் நம் ஊர்க் கட்டடம், மரம், நிழல் எல்லாம் தெரிந்தன. தலையாட்டினால் போதும். வாழ்நாள் முழுக்கப் பழகிய வேலை. அன்றைக்குப் பார்த்துக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

"சலவைக்கு இல்ல மேடம். வெட்டியாச்சு" என்றேன்.

"யாரு வெட்டினது?"

"எங்க வீட்டுல."

முதலாளி, "எலின்னு சொன்னீங்களே" என்றார். ஆய்வாளர் மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அதன் பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மச்சான் தரைக்கு வந்தது உட்பட. அந்த அம்மாள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்து மடக்கி மடக்கிப் பார்த்தார். உன் நாலு வரித் தையல் இருந்த துண்டைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "நாலாவது மாடியிலேருந்து அதிகாரி தொங்கிக் காட்டுவார்னு தகவல் குடுத்திருந்தீங்களே?" என்றார்.

"அது ரத்து மேடம்."

"அதை யாரு ரத்து பண்ணினது?"

"அதுவும் வீட்டுலதான்."

அப்போதுதான் சிரித்தார். பிறகு சொன்னதை உனக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். "கெட்டுப்போன பெல்ட்டை யாரும் மறுபடி மாட்டிக்க முடியாதபடி வெட்டிப் போடணும்னு விதியே இருக்கு. எல்லா இடத்துலயும் சொல்லிட்டு வர்றேன். வெட்டி வச்சிருந்த இடத்தை இப்பத்தான் பாக்கறேன்."

"நாங்கதான் மேடம் வெட்டச் சொன்னோம்" என்றார் முதலாளி. நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, ஆய்வு அறிக்கை முழுக்கப் பெருக்கல் குறி. ஒரே ஒரு இடத்தில் சரி என்று போட்டிருக்கிறது. அது உன்னுடையது. ஆறு மாடிக் கட்டடத்தில், இத்தனை பேர் வேலை செய்கிற இடத்தில், விதிப்படி நடந்த ஒரே வேலையை இந்தப் பக்கமே வராத நீ செய்திருக்கிறாய். எனக்குக் கர்வமாகவும் இருக்கிறது, கேவலமாகவும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உத்தரவு இதுதான்: புது பெல்ட் வந்து, ஒவ்வொருவருக்கும் மாட்டப் பழக்கிக் கொடுக்கும் வரை வெளிச்சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. மறுபடி ஆரம்பிக்கும்போது இதே அதிகாரி கூட இருக்க வேண்டும் என்று என்னைக் குறிப்பிட்டே எழுதிவிட்டார். அதனால் முதலாளிக்கு என்னை விரட்டவும் முடியவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. புது பெல்ட்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு. சிலந்தி தனக்குச் சின்ன அளவு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.

நம் ஊர்க் கட்டடம் கை நழுவிவிட்டது. அது முதலாளியின் மச்சான் மகனுக்காம். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் சுற்றினேன். இந்தக் கட்டடம் முடிகிற வரை நான் இங்கேதான். பெட்டி பரணுக்குப் போகாது. மன்னித்துக்கொள்.

ஆனால் கடைசியில் முதலாளி ஒன்று சொன்னார்: "பெல்ட் வர்ற வரைக்கும் என் கண்ணு முன்னால நிக்காதீங்க. எங்கேயாவது போங்க." தண்டனையாகத்தான் சொன்னார். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். முகம் ஒன்றைத்தான் கடைசியில் தொங்கப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை டைல்ஸ் லாரி கிளம்புகிறது. முன்சீட்டில் இடம் சொல்லிவிட்டேன். நடந்து வரச் சொன்னாய். லாரியிலிருந்து உன் கடை வாசலுக்கு நடந்தே வருகிறேன்.

உன்,
தொங்காதவன்


மார்ச் 24

உங்களுக்கு,

முடிவுக்குத் தாவினேன். பிறகு திரும்பி வந்தேன். இரண்டு தடவை படித்தேன். தம்பி நான்கு தடவை படித்தான். தான் விழுந்தது அரசாங்கத்தில் பதிவாகிவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கட்டடம் போனதைப் பற்றி எழுதத் தெரியாமல் சுற்றினேன் என்கிறீர்கள். எனக்கு நேற்றே தெரியும். அங்கே வேலை ஆரம்பித்துவிட்டார்கள். மரம் இருக்கிறது, வெட்டவில்லை. ஒரு இளவட்டம் புது பைக்கில் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான், அதுதான் மச்சான் மகனாக இருக்கும். சாமான் கொட்டகைக்குத் தகரக் கூரை போட ஒருத்தன் மேலே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். பெல்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. தெருவில் நின்றபடியே சத்தம் போட்டு அவனை இறங்கச் சொன்னேன். "நீங்க யாரும்மா?" என்று அந்தப் பிள்ளை வந்தான். "எங்க வீட்டுக்காரர் பாதுகாப்பு அதிகாரி. வந்துகிட்டே இருக்கார்" என்றேன். என் கையில் கத்தரிக்கோல் வேறு இருந்தது, சாணை பிடித்துக்கொண்டு வந்தேன். அவன் போனை வைத்துவிட்டு, அந்த ஆளைக் கீழே கூப்பிட்டான்.

நாளைக்கும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நூல் கடைக்குப் போகும் வழிதானே.

பெட்டி பரணுக்குப் போகாவிட்டால் போகட்டும். கட்டில் அடியில் வைத்துக்கொள்ளலாம், எடுக்க வசதி. ஸ்டூலுக்குக் கால் மாற்ற ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறேன். கால் மாற்றினாலும் பல்பு மாட்டப் போவது நான்தான், நீங்கள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதிகாரி வேலை அதுதான்.

லாரியில் முன்சீட்டில் பெல்ட் இருக்கும். மாட்டிக்கொள்ளுங்கள். பழசாக இருந்தால் லாரிக்காரரிடம் சொல்லுங்கள், என்னிடம் கத்தரிக்கோல் இருக்கிறது என்று.

ஏறி உட்கார்ந்ததும் போன் செய்யுங்கள். எடுக்கிறேன்.